கடனுக்கு மது: சட்டம் எந்த முனையில் கை வைக்க வேண்டும்?

போன மாதம் இரண்டு பேர் ஒரே விஷயத்தை இரண்டு முனையிலிருந்து கேட்டிருந்தார்கள். ஒருவர் சட்டக் கல்லூரி மாணவி. 'மதுவைக் கடனுக்கு விற்பதைத் தடை செய்ய வேண்டும்' என்று விவாதப் போட்டியில் பேச வேண்டும். எந்த நாட்டுச் சட்டத்தை மாதிரியாக வைப்பது என்று புரியவில்லை என்றார். இன்னொருவர் வட மாவட்டம் ஒன்றில் மகளிர் குழுத் தலைவியாக இருக்கும் அக்கா. அவர் ஊரில் காலை ஆறு மணிக்கே ஒரு வீட்டுத் திண்ணையில் குவார்ட்டர் கிடைக்கிறது. கையில் காசில்லாவிட்டால் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். "கிராம சபையில மனு குடுக்கப் போறோம் சார். கடனுக்கு விக்கக் கூடாதுன்னு கேட்கவா, வேற எதாவது கேட்கவா?"

இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. 'கடனுக்கு மது விற்கத் தடை' என்று ஒரே பெயரில் உலகில் இருப்பவை ஐந்து வகைச் சட்டங்கள். மேலே மொத்த வியாபாரி, அப்புறம் கடைக்காரர், அப்புறம் குடிப்பவர், அவருடைய கூலி, கடைசியில் வசூல். ஒவ்வொரு நாடும் இந்தச் சங்கிலியில் வேறு வேறு கண்ணியைப் பிடித்திருக்கிறது. எதைப் பிடித்தால் என்ன ஆகும், எங்கே நழுவும் என்பதைத்தான் இங்கே எடைபோட்டிருக்கிறேன்.

எதை வைத்து எடைபோடுவது?

முதல் கேள்வி, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது: கடைக்காரர் தன் பாக்கியை எப்படி வசூலிக்கிறார்? கோர்ட்டுக்குப் போயா, சம்பளத்தில் பிடித்தா, எதையாவது அடமானமாக வாங்கி வைத்துக்கொண்டா, வாசலில் வந்து நின்று மானத்தை வாங்கியா? இது தெரியாமல் சட்டம் எழுதினால், திறந்து கிடக்கும் கொல்லைக் கதவை விட்டுவிட்டு வாசல் கதவுக்கு இரண்டாவது பூட்டு போட்ட கதைதான்.

இரண்டாவது, சட்டத்தை நடத்த யார் வேண்டும்? போலீஸும் ரெய்டும் இல்லாமல் தானாக வேலை செய்யுமா? மூன்றாவது, மாதக் கடைசியில் வீட்டுக்கு வரும் பணம் உண்மையில் கூடுமா? நான்காவது, ஏழை குடித்தால் ஒரு நியாயம், பணக்காரர் குடித்தால் ஒரு நியாயம் என்று ஆகிவிடுமா? ஐந்தாவது, சுற்றுவழி எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது?

1. கோர்ட் கதவைச் சாத்துவது

லண்டன், 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. ஜின் என்ற மலிவுச் சாராயம் தெருவுக்குத் தெரு விற்ற காலம். 1736-இல் பாராளுமன்றம் முரட்டு வழியில் இறங்கியது. சில்லறை விற்பனைக்கு ஆண்டு உரிமக் கட்டணம் 50 பவுண்டு. துப்புக் கொடுப்பவருக்கு வெகுமதி. உரிமம் வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். துப்புக் கொடுத்தவர்களை ஜனங்கள் தெருவில் துரத்தி அடித்தார்கள். 1743-இல் அந்தச் சட்டத்தை அரசே கைவிட்டது.

அடுத்த முயற்சி 1751-இல் வந்த ஜின் சட்டம். அதில் 12-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கடனுக்கு விற்றால் சிறை என்றெல்லாம் அது சொல்லவில்லை. சாராயத்துக்கான பாக்கியை, ஒரே தடவையில் வாங்கியது 20 ஷில்லிங்குக்குக் குறைவாக இருந்தால், எந்தக் கோர்ட்டிலும் வசூலிக்க முடியாது என்று மட்டும் சொன்னது. 20 ஷில்லிங் என்பது அன்றைய லண்டன் கூலியாள் ஒருவருக்கு ஒரு வாரக் கூலிக்கும் மேல். கிளாஸ் கிளாஸாகக் குடித்து ஏறிய கணக்கு எவ்வளவு நீளமானாலும் செல்லாது. பீப்பாயாக வாங்கிய வியாபாரியின் கணக்கு செல்லும். கூடவே இன்னொன்றும் செய்தார்கள்: சாராயக் கணக்குக்காகத் துணிமணி, தட்டுமுட்டுச் சாமானை அடமானம் வாங்கினால் கடைக்காரருக்கு 40 ஷில்லிங் அபராதம்.

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கோர்ட்டை மூடினால் கடைக்காரர் அடமானத்துக்குப் போவார் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கதவைச் சாத்தும்போதே அடுத்த கதவையும் பார்த்துவிட்டார்கள்.

துப்புக்காரர் தேவையில்லை, ரெய்டு தேவையில்லை. கடன் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரருக்கே வயிற்றைக் கலக்கும்: 'இவன் தர மாட்டேன் என்றால் நான் என்ன செய்வேன்?' 1867-இல் கவுன்டி நீதிமன்றச் சட்டம் இதே உத்தியை பீருக்கும் சைடர் என்ற ஆப்பிள் மதுவுக்கும் நீட்டியது. கடையிலேயே குடித்த பீருக்கான பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. சுவிட்சர்லாந்தின் கடமைகள் சட்டத்தில் 186-ஆம் பிரிவும் இந்தச் சாதிதான். மதுவைச் சில்லறையாக விற்றதற்கான பாக்கி, விடுதியில் குடித்த கணக்கு உட்பட, வழக்குத் தொடரத்தக்கதா இல்லையா என்பதைக் குறைக்கவோ நீக்கவோ மாநிலங்களுக்கு அது இடம் கொடுத்திருக்கிறது.

மறைமுகச் செலவு எங்கே? முதலாவது, நாணயஸ்தர் மாட்டிக்கொள்கிறார், ஏமாற்றுக்காரர் தப்பிக்கிறார். கொடுத்த வாக்குக்காகக் கணக்கைத் தீர்ப்பவர் முழுப் பணத்தையும் கட்டுவார். மற்றவர் 'சட்டப்படி செல்லாது' என்று கையை விரிப்பார். இரண்டாவது, சலுகை மேலே நகரும். 1862-இல் ஒரு திருத்தம் வந்தது: கடையில் குடிக்காமல், வீட்டில் கொண்டுவந்து இறக்கிய, ஒரு குவார்ட் (நம்மூர் குவார்ட்டர் அல்ல, ஒரு முழு பாட்டில்) அளவுக்குக் குறையாத சாராயத்துக்கு இந்தத் தடை கிடையாது. பாட்டிலை வீட்டுக்கு வரவழைப்பவர் யார், கவுன்டரில் நின்று ஒரு மடக்கு குடிப்பவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜின் குடி குறைந்ததற்கு இந்தப் பிரிவு ஒன்றே காரணம் என்று விவாதத்தில் பேசிவிடாதீர்கள். அதே சட்டம் உரிமத்தையும் இறுக்கியது. 1757-இல் விளைச்சல் மோசமாகி, தானியத்திலிருந்து வடிப்பதையே சில ஆண்டுகள் நிறுத்தி வைத்தார்கள். எதிரணி இதைத்தான் முதலில் எடுக்கும்.

இது பொருந்தும் இடம்: விற்பவர் உரிமம் பெற்றவர், கணக்கு எழுதுபவர், கோர்ட்டை நம்பிப் பிழைப்பவர் என்றால்.

2. கவுன்டரிலேயே குற்றமாக்குவது

முதல் உலகப் போர் வந்ததும் இங்கிலாந்துக்குப் பொறுமை போய்விட்டது. 1915-இல் அமைத்த மத்திய மதுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆயுதத் தொழிற்சாலைப் பகுதிகளில் கடன் விற்பனையையே தடை செய்தது. அதோடு நிற்காமல், ஒருவர் இன்னொருவருக்கு வாங்கிக் கொடுப்பதையும் தடுத்தது. மனைவிக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தாலும் குற்றம்தான். நம்மூர்ப் பக்கம் 'இன்னைக்கு என் செலவு' என்பவர் யாரும் அந்தக் காலத்து லண்டனில் பிழைத்திருக்க மாட்டார்.

போர்க்கால ஆணை பிறகு நிரந்தரச் சட்டத்தில் குடியேறியது. 1964-ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி, கடையில் குடிக்கும் மதுவுக்கு விற்கும்போதோ அதற்கு முன்போ பணம் வாங்கிவிட வேண்டும். கொடுத்தவர் மட்டுமல்ல, குடித்தவரும் குற்றவாளி. இரண்டு விலக்குகள்: சாப்பாட்டோடு சேர்த்து வாங்கி, சாப்பாட்டுப் பில்லோடு சேர்த்துக் கட்டினால் சரி, ஓட்டலில் தங்கியிருப்பவர் அறைக் கணக்கில் எழுதினால் சரி.

விலக்கைப் பாருங்கள். மேஜைத் துணி விரித்த உணவகத்தில் ஒயின் குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துக் கட்டலாம். தெருமுனை பப்பில், முப்பது வருடம் முகம் தெரிந்தவரிடம் 'நாளைக்குத் தர்றேன்' என்று ஒரு பைன்ட் வாங்கினால் குற்றம். அங்கே பல பப்களில் ஒரு பலகை தொங்கும்: 'கடன் கேட்காதீர்கள், மறுத்தால் மனம் நோகும்.' நம் மளிகைக் கடைகளின் 'கடன் அன்பை முறிக்கும்' பலகைக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இப்படி ஒரு சட்டத்தால் கடைக்காரருக்கு உண்மையில் கிடைத்த பலன் அதுதான்: முகம் முறியாமல் மறுக்க ஒரு சாக்கு. 'நான் தருவேன்ப்பா, சட்டம் விடாது.' இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. சின்ன ஊரில் மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று கடை வைத்தவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் இந்த வகை இன்னும் உயிரோடு இருக்கிறது. பென்சில்வேனியாவின் மதுச் சட்டமும் அயோவாவின் சட்டமும் சில்லறைக் கடன் விற்பனையைத் தடை செய்கின்றன. இரண்டிலும் ஒரு விலக்கு உண்டு: கிரெடிட் கார்டு.

இங்கேதான் இந்த முழு வகைக்கும் அடிமடியில் ஓட்டை. கடைக்காரர் ஒரு மாதம் கடன் கொடுத்தால் குற்றம். வங்கி ஒரு மாதம் கடன் கொடுத்து, தவறினால் வட்டி ஏற்றினால் அது ரொக்க விற்பனை! கடைக்காரரின் நோட்டில் வட்டி கிடையாது, வெட்கம் உண்டு; கார்டில் வெட்கம் கிடையாது, வட்டி உண்டு. சட்டம் கடனை நிறுத்தவில்லை, கொடுப்பவரை மாற்றிவிட்டது. கார்டு கிடைக்காதவர் மட்டும் ரொக்கம் தேட வேண்டும். அவர் எங்கே போவார்?

தமிழ்நாட்டில் இதற்குப் பதில் கண்ணெதிரே இருக்கிறது. 2003-இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டபின், கவுன்டரில் கடன் என்ற பேச்சே இல்லை. கம்பிவலைக்குள் இருக்கும் ஊழியர் யாருக்கும் நோட்டுப் போட மாட்டார். கடன் ஒழிந்துவிட்டதா? கடைக்கு வெளியே போய்விட்டது: கைமாற்று, தண்டல், மீட்டர் வட்டி, அப்புறம் அந்த அக்கா சொன்ன திண்ணை.

இது பொருந்தும் இடம்: கடை உரிமத்தை இழக்கப் பயப்படுபவர் நடத்துவது, பரிசோதனைக்கு ஆள் இருப்பது, பக்கத்தில் கள்ள விற்பனை இல்லாதது. மூன்றும் சேர்ந்து அமையும் ஊர் குறைவு.

3. கூலியைப் பிடித்துக் காப்பது

இதை வாசகர்கள் யாரும் கேட்கவில்லை. ஆனால் அதிகம் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான்.

தேம்ஸ் நதியில் நியூகாஸில் நிலக்கரிக் கப்பல்கள் வந்து நிற்கும். கரியை இறக்க ஒன்பது பேர் கொண்ட கூட்டம். நான்கு பேர் கப்பலின் அடித்தளத்தில் கூடையை நிரப்புவார்கள். நான்கு பேர் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு படிபோன்ற மேடையில் ஏறி, ஒரே நேரத்தில் கீழே குதிப்பார்கள். அந்த எடையில் கூடை மேலே வரும். ஒருவர் கூடையைக் கவிழ்ப்பார். நாள் முழுக்க ஏறுவதும் குதிப்பதும்தான்.

இந்த ஆட்களைப் பிடித்துக் கொடுத்தவர்கள் ஆற்றங்கரை மதுக்கடைக்காரர்கள். கப்பல் தலைவர் கடைக்காரரிடம் சொல்வார். கடைக்காரர் தன் கடையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஆள் பொறுக்குவார். யாரைப் பொறுக்குவார்? கணக்கு அதிகம் ஏறியவரை. குடிக்காதவருக்கு வேலை இல்லை. வேலை முடிந்தால் கூலியும் அதே கடையில்தான். நோட்டுக் கணக்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார், மிச்சம் இருந்தால். 1849-இல் ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் இந்தத் தொழிலாளர்களிடம் நேரில் பேசி எழுதியவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

யோசித்துப் பாருங்கள். இந்தக் கடைக்காரருக்கு 1751-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பொருட்டா? அவர் ஏன் கோர்ட்டுக்குப் போகிறார்? பணம் அவர் கைக்கு வந்த பிறகுதானே தொழிலாளி கைக்குப் போகிறது! செல்லாத கடன் என்ற உத்தி, கூலி கடைக்காரர் கை வழியாகப் போகும் இடத்தில் ஒரு பைசாவுக்குப் பயன்படாது.

1843-இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. நிலக்கரி இறக்குபவர்கள் பதிவு செய்ய ஒரு அலுவலகம். ஆள் எடுப்பது அதன் வழியாக. கடனைப் பற்றிப் பெரிதாகப் பேசாமலே கடையையும் கூலியையும் பிரித்த சட்டம் அது. 1856 வரை நீடித்தது. 1883-இல் பொதுச் சட்டமாகவே வந்தது: எந்தத் தொழிலாளிக்கும் மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுக்கக் கூடாது. மதுக்கடை மட்டும் அல்ல, அதைச் சேர்ந்த அறை, தோட்டம் எதுவும் கூடாது. 'கடைக்குள்ள இல்லீங்க, பின்னால தோட்டத்துலதான் குடுத்தேன்' என்று யாரோ சொல்வார் என்று முன்கூட்டியே தெரிந்து எழுதியது போல இருக்கிறது.

1949-ஆம் ஆண்டு சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 95-ஆம் உடன்படிக்கை இதை உலக அளவுக்கு எடுத்துப் போனது. வீரியம் அதிகமான மதுவைக் கூலியாகக் கொடுக்கக் கூடாது, மதுக்கடையில் கூலி கொடுக்கக் கூடாது என்று இரண்டும் அதில் உண்டு. ஆனாலும் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் திராட்சைத் தோட்டங்களில் 'டாப்' முறை என்று ஒன்று, கூலியின் ஒரு பகுதியை மட்டமான ஒயினாக ஊற்றிக் கொடுப்பது, 1960-களில் சட்டம் தடுத்தபிறகும் பல பண்ணைகளில் 1990-கள் வரை ஓடிக்கொண்டிருந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்படும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாக உள்ள பகுதிகளில் ஒன்றாக அந்த வட்டாரம் ஆனதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். 2003-ஆம் ஆண்டு மதுச் சட்டம் கூலிக்குப் பதில் மது கொடுப்பதை மட்டுமல்ல, மதுவின் விலையைக் கூலியில் பிடிப்பதையும் தடுத்தது. அந்த இரண்டாவது பாதிதான் கடன் நோட்டின் கழுத்தைப் பிடிப்பது.

மறைமுகச் செலவு: முதலாளியே கடைக்காரராகவும் இருக்கும் ஒதுக்குப்புறத் தோட்டத்தில் புகார் கொடுப்பவர் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழப்பார். ஆய்வாளர் வராத இடத்தில் இந்தச் சட்டம் காகிதம்தான். தவிர, கூலி கைக்கு வந்தபின் மனிதர் நேரே கடைக்குப் போனால் இது ஒன்றும் செய்யாது.

இது பொருந்தும் இடம்: தினக் கூலி, வாரக் கூலி, மேஸ்திரி வழியாக வேலை, செங்கல் சூளை, தோட்டம். வீட்டுக்குப் பணம் வர வேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், ஐந்தில் இதற்கே என் ஓட்டு.

4. மொத்த வியாபாரியின் கடனைக் கட்டுவது

அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு முடிந்ததும் அவர்களுக்கு இருந்த பெரிய பயம் குடிகாரர் வாங்கும் கடன் அல்ல. கடைக்காரர் வாங்கும் கடன். மதுவிலக்குக்கு முன்னால் பீர் ஆலைகள் சலூன் என்ற மதுக்கூடங்களுக்கு நாற்காலி, மேஜை, சரக்கு எல்லாம் கடனாகக் கொடுத்து அடிமையாக வைத்திருந்தன. பாக்கி அடைய வேண்டும் என்றால் சலூன்காரர் ராப்பகலாக ஊற்ற வேண்டும். ஆகவே தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று மூன்றையும் பிரித்தார்கள். இடையில் ஓடும் கடனுக்கும் கெடு வைத்தார்கள். மத்திய அரசின் விதிகளில் 30 நாள் ஒரு எல்லை. கலிஃபோர்னியாவில் 30 நாளுக்குள் கட்டாவிட்டால் அடுத்த சரக்கு ரொக்கத்துக்குத்தான்; இன்னும் இழுத்தால் பாக்கியின் மேல் 1 சதவீதம் ஏறும். டெக்சஸில் பீருக்குக் கடனே கிடையாது, கையில் காசு வாயில் தோசை. ஒயினுக்கும் சாராயத்துக்கும் மாதத்தில் இரண்டு கெடு, 10-ஆம் தேதியும் 25-ஆம் தேதியும். தவறியவர் பெயர் தவணை தவறியோர் பட்டியலில் ஏறும். அதன்பின் வேறு எந்த மொத்த வியாபாரியும் அவருக்குக் கடன் கொடுக்கக் கூடாது.

இதன் நல்ல குணம், சட்டத்தை நடத்தும் வேலையை மொத்த வியாபாரிகளே செய்துவிடுகிறார்கள். பணம் வர வேண்டியவர்தான் பெயரைக் கொடுப்பார். கெட்ட குணம், புதிதாகக் கடை திறந்த சின்ன உணவகம் ஒரு மாதம் வியாபாரம் படுத்தால் எழுந்திருக்க முடியாது. பெரிய சங்கிலிக் கடைக்கு இது கொசுக்கடி. குடிப்பவரின் வீட்டுக்கு நேரடியாக எந்தப் பலனும் இல்லை. விவாதத்தில் இதைத் தொடாமல் விட்டாலும் பரவாயில்லை.

5. வசூலைப் பிடிப்பது

டோக்கியோவின் கபுக்கிச்சோ பகுதியில் ஹோஸ்ட் கிளப்புகள் உண்டு. பெண் வாடிக்கையாளர்களை ஆண்கள் உட்கார்ந்து பேசி, சிரித்து, ஷாம்பெய்ன் வாங்க வைக்கும் இடங்கள். கட்ட முடியாத பில் 'உரிகாகே' என்ற பற்றுக் கணக்கில் ஏறும். அதை அடைக்க இளம் பெண்களைப் பாலியல் தொழிலுக்குத் தள்ளியது பெரிய விவகாரமாக, 2023 கடைசியில் கிளப் நடத்துபவர்கள் 2024 ஏப்ரலுக்குள் இந்தக் கணக்கையே விட்டுவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், கடன் விற்பனையை அடியோடு தடுக்கவில்லை. காதல் நாடகம் ஆடிச் செலவழிக்க வைப்பதையும், பாக்கியைக் காட்டி அப்படிப்பட்ட வேலைக்குத் தள்ளுவதையும் பிடித்தது.

தமிழ்நாட்டில் இந்த வகைக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு: 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம். மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் வரும். மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் அது பணக் கடனுக்கு எழுதியது. 'நான் வட்டியே வாங்கலை, குவார்ட்டர் விலையே அதுதான்' என்று திண்ணைக்காரர் வாதாட இடமிருக்கிறது. விலைக்குள் வட்டியை ஒளிப்பது புது வித்தை அல்ல. ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் 111-ஆம் விதி, மதுக்கடைக்காரி 60 கா அளவு பீரைக் கடனாகக் கொடுத்தால் அறுவடையில் 50 கா தானியம் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கையே கட்டிப் போட்டிருக்கிறது.

இந்த வகையின் சிரமம் ஒன்றுதான். மிரட்டலை நிரூபிக்க வேண்டும். மிரட்டப்பட்டவர் சாட்சி சொல்ல வேண்டும்.

ஒன்றும் செய்யாமல் விட்டால்?

இங்கிலாந்து இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது 166-ஆம் பிரிவு போய்விட்டது. பப்பில் கார்டைக் கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்கக் கணக்கில் குடிக்கலாம். கார்டு எல்லோர் பையிலும் இருக்கும் நாட்டில் கடைக்காரரின் நோட்டைத் தடுப்பதில் அர்த்தம் குறைவு என்பது நியாயம்தான். சனிக்கிழமை கூலியை நம்பி வாரம் ஓட்டும் ஊருக்கு அந்த நியாயத்தைக் கொண்டுவர முடியாது.

ஒரே பார்வையில்

| வழி | எங்கே நடந்தது | நடத்த யார் வேண்டும் | வீட்டுக்குப் பணம் | சுற்றுவழி |
|---|---|---|---|---|
| கடன் செல்லாது | இங்கிலாந்து 1751, 1867. சுவிட்சர்லாந்து | யாரும் வேண்டாம் | ஓரளவு | அடமானம், மிரட்டல் |
| விற்பதே குற்றம் | இங்கிலாந்து 1915, 1964. பென்சில்வேனியா, அயோவா | போலீஸ், உரிம அதிகாரி | குறைவு | கார்டு, கைமாற்று, கள்ளக்கடை |
| கூலியைப் பிரிப்பது | இங்கிலாந்து 1843, 1883. தென்னாப்பிரிக்கா 2003 | தொழிலாளர் ஆய்வாளர் | அதிகம் | முதலாளியே கடைக்காரர் ஆவது |
| மொத்தக் கடனுக்குக் கெடு | அமெரிக்க மாநிலங்கள் | மொத்த வியாபாரியே | இல்லை | பெரிய நிறுவனத்துக்குத் தேவையே இல்லை |
| வசூலைப் பிடிப்பது | ஜப்பான் 2025. தமிழ்நாடு 2003 | புகாரும் சாட்சியும் | புகார் நின்றால் மட்டும் | விலைக்குள் வட்டி |

மாணவிக்கு

முதல் வழியையும் மூன்றாவதையும் சேர்த்து மாதிரிச் சட்டமாக வையுங்கள். 1751-இன் 12-ஆம் பிரிவில் கடன் செல்லாது என்பதும் அடமானத் தடையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் காட்டுங்கள். எதிரணி 'கார்டு?' என்று கேட்டால் மழுப்பாதீர்கள். ஒத்துக்கொண்டு, உங்கள் சட்டம் கார்டு இல்லாதவரின் கூலிக்கானது என்று சொல்லிவிடுங்கள். 1862 திருத்தத்தை மட்டும் மறைக்க வேண்டாம். கண்டுபிடித்துவிடுவார்கள்.

அக்காவுக்கு

மனுவில் 'கடனுக்கு விற்காதே' என்று எழுத வேண்டாம் அக்கா. அப்படி எழுதினால், ரொக்கத்துக்கு விற்கலாம் என்று நாமே சம்மதித்த மாதிரி ஆகிவிடும். திண்ணையில் விற்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி ஏற்கெனவே குற்றம். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் அது. சட்டம் தடுத்த விற்பனைக்கான கடன், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி செல்லாது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவர் எந்தக் கோர்ட் படியும் ஏற முடியாது. இதை உங்கள் குழுக் கூட்டத்தில் நாலு தடவை சத்தமாகச் சொல்லுங்கள். பாதிப் பேர் 'கேஸ் போட்டுடுவான்' என்ற பயத்தில்தான் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் போனில் கேட்டேன்: கோர்ட்டுக்குப் போகாதவர் எப்படித்தான் வசூல் செய்கிறார்? அக்கா ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். நூறு நாள் வேலைக் கூலி பேங்கில் விழுகிறது. பதினோரு வீட்டு ஏ.டி.எம். கார்டு திண்ணைக்காரர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பணம் விழுந்த அன்றே அவரே போய் எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறார்.

தேம்ஸ் கரைக் கடைக்காரர்தான், அலமாரியோடு. மனு, மதுவிலக்குப் பிரிவில் புகார் எல்லாம் அதன் பாட்டுக்கு நடக்கட்டும். அதற்கு முன்னால் பதினோரு பேரும் ஒரே நாளில் பேங்குக்குப் போய், கார்டு கையில் இல்லை என்று எழுதிக் கொடுத்து, பிளாக் செய்துவிட்டுப் புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். தனித்தனியாகப் போனால் முதலில் போனவர் வீட்டு வாசலில் சத்தம் வரும்; பதினோரு வாசலிலும் ஒரே நாளில் கத்த முடியாது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "புதுக் கார்டுக்கும் அதே நம்பர் வைக்கலாமா சார்? அந்த நம்பர்தான் அவங்களுக்கு மனப்பாடம்."

வேண்டாம் அக்கா. அது அவருக்கும் மனப்பாடம்.